நான்கா, பதினான்கா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ ஆய்வக நுட்பநர் தொழிற்படிப்பின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வரும் கல்வியாண்டிலிருந்து 'பணியிடத் தொடர்பு' பாடத்தின் செய்முறை வகுப்புகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன என்ற உங்கள் சுற்றறிக்கையை வகுப்பறைப் பலகையில் படித்தேன். வாரத்துக்கு 2 மணி நேரம் நடந்துவந்த அந்த வகுப்புக்குப் பதிலாக ஒரு கையேடு தரப்படும், ஆண்டு இறுதியில் 20 கேள்விகள் கொண்ட கொள்குறித் தேர்வு நடக்கும், மிச்சமாகும் நேரம் தானியங்கிப் பகுப்பாய்வுக் கருவிகளின் பயிற்சிக்குச் சேர்க்கப்படும் என்று அதில் இருக்கிறது. காரணம் என்று ஒரே ஒரு வரி. இது போன்ற மென்திறன்களை மாணவர்கள் பணி அனுபவத்தில் தாமாகவே பெற்றுக்கொள்வார்களாம்.

நான் இந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த வகுப்பு இல்லாமல் முதலாம் ஆண்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். அந்த வகுப்பில் பல வாரம் பழகிய பிறகு இந்த ஆண்டு மறுபடியும் போனேன். இரண்டு முறையும் அதே நாற்காலி, அதே தொலைபேசி. என்ன மாறியது என்பதை நேரில் பட்டு அறிந்தவள் என்ற முறையில் இந்த முடிவை வாய்மூடி ஏற்க என்னால் இயலவில்லை.

முதல் பயிற்சியின் இரண்டாவது வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உயிர்வேதியியல் பிரிவில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் லிட்டருக்கு 9.4 மில்லிமோல் என்று வந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. 9.4 என்பது இதயம் எந்த நொடியும் நின்றுவிடக்கூடிய அளவு. ஆனால் அதே மாதிரியில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் அப்படியே. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எங்களுக்கு நன்றாகவே கற்றுத் தந்திருந்தீர்கள். ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. அந்தக் குழாயின் ரத்தம் சீரம் எடுக்கும் குழாயில் கலந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஈடிடிஏ கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால் கால்சியம் பொய்யாக இறங்கும். அந்த நொதி வேலை செய்யத் தேவையான மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் அது விட்டுவைப்பதில்லை. குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்க வேண்டும்.

இதை நானே கண்டுபிடித்தேன். பொறுப்பு நுட்பநர் என் தோளைத் தட்டி, "சரியாகப் பிடித்தாய். வார்டுக்குச் சொல்லிப் புதிய மாதிரி கேள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

தொலைபேசியை எடுத்தேன்.

"ஆய்வகத்திலிருந்து பேசுகிறேன், சிஸ்டர். 12-ஆம் படுக்கை சாம்பிள் சரியில்லை போலிருக்கிறது."

"சரியில்லை என்றால் என்ன அர்த்தம்? நான்தான் எடுத்தேன். ஒழுங்காகத்தான் எடுத்தேன்."

"இல்லை சிஸ்டர், பொட்டாசியம் கொஞ்சம் அதிகமாக வருகிறது…"

"எவ்வளவு?"

"9.4."

மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டு அந்த எண்ணை உரக்கச் சொல்வது கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் மறுபடி அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அவர்கள் எல்லோரும் அந்த நோயாளியின் படுக்கைக்கு ஓடியிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது 'இந்த எண்ணை நம்பாதீர்கள்' என்பது. அவர்கள் கேட்டுக்கொண்டதோ எண்ணை மட்டும். பொட்டாசியத்தை இறக்குவதற்கு இன்சுலின் உள்ளிட்ட மருந்துகள் கொடுப்பார்கள். உண்மையில் இயல்பான பொட்டாசியம் உள்ள ஒருவருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் தலைக்குள் ஓடியது. கை நடுங்கியது. அடுத்த அறைக்கு ஓடினேன். பொறுப்பு நுட்பநர் வந்து, வார்டின் இன்னொரு எண்ணுக்கு அழைத்து, நோயாளியின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் சொன்னார். "இந்தப் பொட்டாசியம் 9.4-ஐ நாங்கள் வெளியிடவில்லை. மாதிரியில் ஊதாக் குழாய் ரத்தம் கலந்திருப்பதாகத் தெரிகிறது. இதை வைத்துச் சிகிச்சை தொடங்க வேண்டாம் என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். புதிய குழாயில் எடுத்து ஆள் மூலம் அனுப்புங்கள், 20 நிமிடத்தில் முடிவைச் சொல்கிறேன். நான் சொன்னதை ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புதிய மாதிரியில் பொட்டாசியம் 4.3.

அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "12-ஆம் படுக்கை என்று மட்டும் சொன்னாயே, காலையில் படுக்கை மாற்றியிருந்தால்?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

குழுவினர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேடு எனக்குப் புதியதல்ல. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்று நான்கு படிகளில் ஒரு செய்தியைச் சொல்லும் 'எஸ்பார்' முறை முதலாம் ஆண்டு அடிப்படைப் பாடத்திலேயே அரைப் பக்கத்துக்கு இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது என்பதுகூட எனக்குத் தெரியும். அதைப் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். முழு மதிப்பெண் வாங்கிய அதே வாய்தான் அன்று "சரியில்லை போலிருக்கிறது" என்று இழுத்தது. நீங்கள் வரும் ஆண்டில் தரப்போகும் கையேட்டின் பலன் என்ன என்பதற்கு நானே சாட்சி.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கிடைத்த வகுப்பைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நடத்தியவர் பல ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியரானவர். அடுத்தடுத்த இரண்டு அறைகளில் இரண்டு தொலைபேசிகளை வைத்தார். ஓர் அறையில் நாங்கள், கையில் ஒரு முடிவுத் தாள். மற்ற அறையில் அவர். ஒருநாள் அவசரத்தில் இருக்கும் செவிலியராகப் பேசுவார். இன்னொரு நாள் தூக்கம் கலைந்த மருத்துவராக, "இதற்கெல்லாமா என்னைக் கூப்பிடுவது?" என்று எரிந்து விழுவார். சில நாள் எதையும் எழுதிக்கொள்ளாமல் "ஓ, சரி சரி" என்று மட்டும் சொல்லுவார். நாங்கள் வைத்த பிறகு, "நான் எதையும் எழுதவில்லை, யாராவது கேட்டீர்களா?" என்பார். முதல் வாரத்தில் எங்கள் 18 பேரில் 2 பேர் மட்டுமே சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். அந்த இருவரில் நான் இல்லை. ஒவ்வோர் அழைப்பையும் ஒலிப்பதிவு செய்து எல்லோரும் சேர்ந்து கேட்போம். என் குரலை நான் முதன்முதலாகக் கேட்டபோது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மன்னிப்புக் கேட்பது போல முடித்திருந்தேன். 'போலிருக்கிறது', 'என்று நினைக்கிறேன்', 'முடிந்தால்'. உறுதியாகத் தெரிந்ததைக்கூடத் தெரியாதது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை எந்தக் கையேடும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. காட்டியது அந்த ஒலிப்பதிவு. மாற்றியது, அதற்குப் பிறகு நான் பேசிப் பேசித் திருத்திக்கொண்ட 11 வாரங்கள்.

அதன் பலனையும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டுப் பயிற்சியில் ஒரு மாலை, ஒரு நோயாளியின் ஹீமோகுளோபின் 4.2 என்று வந்தது. மாதிரியில் ரத்தம் உறைந்து கட்டியாகவில்லை, அடையாளம் சரி, மறுமுறை ஓட்டியும் அதே எண். பொறுப்பு நுட்பநர் அருகில் நிற்க நான் அழைத்தேன். பெயர், பதிவு எண், சோதனை, அளவு எல்லாம் சொல்லி, "எழுதிக்கொண்டதைத் திரும்பச் சொல்லுங்கள்" என்றேன். வார்டில் ஒரே இரைச்சல். மறுமுனையில் இருந்தவர், "ஹீமோகுளோபின் பதினான்கு புள்ளி இரண்டு. அது நார்மல்தானே, இதற்கு எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்றார்.

நான்கும் பதினான்கும். ஒன்று உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்று மருத்துவரை எழுப்பும் எண். மற்றது ஆரோக்கியமான மனிதரின் எண். இரைச்சலில் இந்த இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றாகவே விழுகின்றன. "பதினான்கு இல்லை. நான்கு. ஒற்றை இலக்கம் நான்கு, புள்ளி, இரண்டு" என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். பிறகு அவர் சரியாகத் திரும்பச் சொன்னார். அவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதினேன்.

திரும்பச் சொல்லும்படி கேட்கும் அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காமல் விட்டிருந்தால், அந்த முடிவு கணினியில் சரியாக இருந்திருக்கும், பதிவேட்டில் 'தெரிவிக்கப்பட்டது' என்று இருந்திருக்கும், வார்டிலோ 14.2 என்று ஒரு துண்டுத் தாளில் கிடந்திருக்கும். மூத்த செவிலியர் ஒருவரிடம் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு மாணவிக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும் என்பதை நீங்களும் ஒரு காலத்தில் அனுபவித்திருப்பீர்கள். அந்தத் தயக்கம் எனக்கு ஏற்கெனவே வகுப்பில் தீர்ந்திருந்தது. ஆசிரியரிடம் 11 வாரம் கேட்டுப் பழகியிருந்தேன்.

உயிருக்கு ஆபத்தைக் காட்டும் அளவுகளை உடனே அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற நடைமுறையை ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற நோயியல் மருத்துவர் 1972-இல் முன்வைத்தார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை இன்று அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேதி, நேரம், சொன்னவர், கேட்டவர், சொல்லப்பட்ட முடிவு, தெரிவிப்பதில் ஏற்பட்ட சிரமங்கள் எல்லாம் பதிவாக வேண்டும். 2022 பதிப்பு, சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்ததையும் பதிவுசெய்யச் சொல்கிறது. இந்தத் தரநிலையை நீங்கள் எங்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறீர்கள். பதிவேட்டின் கட்டங்களை நிரப்ப எங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டங்களுக்குள் எழுத வேண்டிய உரையாடலை நடத்தும் பயிற்சியைத்தான் இப்போது எடுத்துவிடுகிறீர்கள்.

கருவிப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. பெரிய தானியங்கிக் கருவியின் முன் நிற்க எங்களுக்கும் இன்னும் நேரம் வேண்டும். ஆனால் தவறுகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். இத்தாலியின் பாதுவா நகர மருத்துவமனை ஆய்வகத்தில் பிளெபானியும் கர்ராரோவும் அவசரச் சோதனைகளைக் கண்காணித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 40,490 சோதனைகளில் 189 தவறுகள். அவற்றில் 68.2 சதவீதம், மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பு நேர்ந்தவை. 18.5 சதவீதம் முடிவு வந்த பிறகு நேர்ந்தவை. சோதனை நடக்கும்போது நேர்ந்தவை 13.3 சதவீதம் மட்டுமே. பத்தாண்டு கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. 51,746 சோதனைகளில் 160 தவறுகள். மொத்தத்தில் தவறு குறைந்திருந்தது. கருவிக்குள் போவதற்கு முன்பு 61.9, சோதனையின்போது 15, முடிவு வந்த பிறகு 23.1 சதவீதம். முடிவு வந்த பிறகு நேரும் தவறின் பங்கு கூடித்தான் இருந்தது.

இவை எல்லாமே பேச்சால் வந்த தவறுகள் என்று நான் சொல்லவில்லை. பாதி நிரம்பிய குழாயும், தவறான குழாயும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் இந்தத் தவறுகளில் பெரும்பகுதி ஒரு மனிதர் கையிலிருந்து இன்னொரு மனிதர் கைக்கு வேலை மாறும் இடத்தில் நடக்கிறது. அங்கே என்ன கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும், எப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பேச்சுத்தான். கருவிகள் மேம்பட மேம்பட எங்களுக்கு மிஞ்சும் வேலை சோதனைக்கு முன்னும் பின்னும் உள்ள இந்த இரண்டு ஓரங்களில் இருக்கிறது. அந்த ஓரங்களுக்கான நேரத்தை எடுத்து நடுப்பகுதிக்குக் கொடுக்கிறீர்கள்.

முதல் ஓரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ரத்தம் எடுக்கும் முன் நோயாளியின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் முதலாண்டில், "நீங்கள்தானே இவர்?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். காது மந்தமான ஒரு பெரியவர் தலையாட்டினார். கைப்பட்டையில் வேறு பெயர் இருந்ததைக் கடைசி நொடியில் பார்த்தேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஏதோ கேட்கிறார், ஆம் என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். "உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள், ஐயா. பிறந்த தேதியைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. ஊசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று எங்களுக்குச் செயற்கைக் கையில் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. அந்த ஊசி சரியான ஆளின் கையில் இறங்குகிறதா என்று தீர்மானிக்கும் கேள்விக்குப் பயிற்சி கிடைத்தது நீங்கள் நீக்கப்போகும் வகுப்பில்.

இனி, எழுதுவதற்கு எனக்கு மிகவும் கடினமான செய்தி. என்னுடன் பயிற்சிக்கு வந்த ஒரு தோழிக்கு, பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையைக் கழுவினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், வேலையைத் தொடர்ந்தாள். அன்று இரவு விடுதியில் அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன், தலைவலி என்றாள். மூன்றாம் நாள் காலையில்தான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நாங்கள் இருவரும் பொறுப்பு நுட்பநரிடம் போய்ச் சொன்னபோது அந்த நேரத்தில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. அன்றே மருந்து தொடங்கினார்கள். பின்னர் நடந்த பரிசோதனைகளில் அவளுக்கு எதுவும் இல்லை என்று உறுதியானது.

72 மணி நேரம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. எங்கள் இருவருக்கும் பாதுகாப்புப் பாடத்தில் அது இருந்தது. அவளிடம் இல்லாதது, அந்தச் செய்தியைத் தொடங்குவதற்கான முதல் வாக்கியம். 'யாரிடம் போய் நிற்பது, என்னவென்று ஆரம்பிப்பது, கவனக்குறைவு என்று பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது' என்று மூன்று நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். பின்னாளில் எங்கள் வகுப்பில் இதற்கும் ஓர் ஒத்திகை இருந்தது. "எனக்கு இப்போது ஊசி குத்திவிட்டது. இந்த நோயாளிக்கு எடுத்த ஊசி. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்." இவ்வளவுதான் வாக்கியம். ஒவ்வொருவராக எழுந்து, ஆசிரியரின் முகத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னோம். என் தோழியின் முறை வந்தபோது அவளால் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. வகுப்பு காத்திருந்தது. அவள் சொல்லி முடித்தாள். அவளுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

இதை நீங்கள் 'மென்திறன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. சாயமேற்றுவதற்கு நேரக் கணக்கு உண்டு, வரிசை உண்டு, வரிசை மாறினால் நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடி வில்லை பயனில்லாமல் போகும். அவசர முடிவைச் சொல்வதற்கும் அதே போல வரிசை உண்டு, சரிபார்ப்பு உண்டு, தவறினால் கண்டுபிடிக்கும் வழி உண்டு. இரண்டும் செய்முறைதான். ஒன்றை ஆசிரியர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும் என்றும், மற்றது தானாக வந்துவிடும் என்றும் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தானாக வரும் என்ற நம்பிக்கையில் இன்னோர் அநியாயமும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் சிலர் வீட்டில் பெற்றோர் அலுவலகத்தில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். மறுப்பைக்கூட மரியாதையாகச் சொல்வது எப்படி என்று அவர்களுக்குச் சிறு வயதிலேயே காதில் விழுந்திருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் பெரிய பதவியில் இருப்பவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். என்னைப் போன்றவர்கள்தான் தொழிற்படிப்புக்கு அதிகம் வருகிறோம். 'அனுபவத்தில் வரும்' என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள் மேலே போவார்கள். எங்களைப் பார்த்து, "வேலை தெரியும், ஆனால் வாய் இல்லை" என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுவார்கள். என் முதலாண்டுப் பயிற்சியின் தாளில் ஏறத்தாழ இதே பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்டதை எழுதினார்.

அனுபவம் யாருடைய செலவில் வரும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. என் பொட்டாசியம் அழைப்பில் அந்த 12-ஆம் படுக்கை நோயாளியின் செலவில் வந்திருக்கும். அன்று ஒருவர் அடுத்த அறையில் இருந்தார், ஓடிவந்தார். இரவுப் பணியில் ஆய்வகத்தில் ஒருவர் மட்டுமே இருக்கும் இடங்கள் நிறைய. படிப்பு முடித்த முதல் மாதமே அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நாங்கள்.

பணிமுறை மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பது, எந்தச் சோதனைக்கு வந்திருக்கிறார் என்பதைப் பலர் காதுபட உரக்கச் சொல்லாமல் இருப்பது, முடிவைப் பார்த்துவிட்டு "பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும் தாயிடம் பொய்யும் சொல்லாமல் மருத்துவரின் வேலையையும் எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வது என்று அந்த வகுப்பில் இன்னும் பல இருந்தன. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். அப்படியும் எனக்கு அது இன்னும் முழுதாக வசப்படவில்லை. கையேட்டில் அதற்கு எத்தனை வரி ஒதுக்குவீர்கள் என்று தெரியவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

பணியிடத் தொடர்பு செய்முறை வகுப்பை நீக்கும் முடிவை அடுத்த சேர்க்கைக்கு முன் திரும்பப் பெறுங்கள். வாரம் 2 மணி நேரம் தொடர வேண்டும். அதை இரண்டாம் ஆண்டில் வைக்காமல், மாணவர்கள் முதன்முதலாக மருத்துவமனைக்குள் கால் வைப்பதற்கு முன் முடியும்படி முதலாம் ஆண்டுக்கு மாற்றுங்கள். எனக்கு அது ஓராண்டு தாமதமாகக் கிடைத்தது, என் தோழிக்கும்தான்.

கொள்குறித் தேர்வைக் கைவிட்டு, ரத்தம் எடுப்பதற்கு இருப்பதைப் போலவே நேரடிச் செய்முறைத் தேர்வு வையுங்கள். ஓர் அவசர முடிவைத் தொலைபேசியில் தெரிவிப்பது, ஒரு தவறான மாதிரியை மறுத்துத் திருப்புவது, தன் தவறைப் பொறுப்பாளரிடம் சொல்வது, இந்த மூன்றிலும் தேறாத எவரும் பயிற்சிக்கு அனுப்பப்படக் கூடாது. மதிப்பெண்ணும் ரத்தம் எடுக்கும் தேர்வுக்கு உள்ள அளவே இருக்கட்டும்.

பயிற்சிக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆய்வகத்திலும், ஊசி குத்தினாலோ தவறு நேர்ந்தாலோ மாணவர் உடனே போய்ச் சொல்ல வேண்டியவர் யார் என்று பெயர் குறித்து எழுத்தில் தாருங்கள். அப்படிச் சொன்னதற்காக யாருடைய பயிற்சியும் நிறுத்தப்படாது என்ற உறுதியும் அதே தாளில் இருக்க வேண்டும்.

கருவிப் பயிற்சிக்கான கூடுதல் நேரத்தை வேறு எங்கிருந்து எடுக்கலாம் என்று முடிவெடுக்கும் முன் இரண்டாம் ஆண்டு மாணவர்களையும், எங்களை ஏற்றுப் பயிற்சி தரும் ஆய்வகங்களின் பொறுப்பு நுட்பநர்களையும் அழைத்துக் கேளுங்கள். இந்த முடிவுக்கு முன் எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். சுற்றறிக்கையை ஒட்டிய அதே பலகையில் அதையும் ஒட்டுங்கள்.

எங்கள் வகுப்பு முடிய இன்னும் 3 வாரங்கள் இருக்கின்றன. குழு உறுப்பினர் ஒருவராவது அதில் ஒருநாள் வந்து, அடுத்த அறைத் தொலைபேசியின் முன் உட்கார்ந்து, எங்கள் அழைப்பை எடுக்க வேண்டும். எந்த முடிவைத் தெரிவிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வாருங்கள். எழுதிக்கொண்டதைத் திரும்பச் சொல்லும்படி கேட்போம்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி